பதினோராவது பெட்டி

புருஷன் போலீஸ் லாக்கப்பில் கிடக்கிறான். அவனைப் பிடித்துக் கொடுத்த மனுஷர் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடிக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே அவருடைய பெட்டிகளைத் தலையில் சுமக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கொளஞ்சியம்மாளுக்கு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது.

வேலைக்கு வராமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் டெப்போவை விட்டால் புருஷன் மாயவனைப் பற்றி ஒரு சேதியும் அவள் காதில் விழாது. ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் போனால் போகிறது என்று ஒன்று சொல்லியிருந்தான். வியாழக்கிழமை காலை ரயிலில் மாயவனைத் திருச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். நாசவேலைக் கேஸ். போய்விட்டால் யுத்தம் முடிகிற வரைக்கும் ஆளைப் பார்க்க முடியாது, அப்புறமும் சொல்வதற்கில்லை. இன்றைக்குப் புதன்கிழமை.

அது நாற்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. அரியலூர் ரயிலடியைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் பள்ளங்களுக்கு நடுவில், பட்டாளத்துக்காரர்கள் ஐந்து தகரக் கொட்டகை போட்டு டெப்போ திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பாறை உடைத்து ரோடு போடுவதற்கும் விமான மைதானம் வெட்டுவதற்கும் வேண்டிய வெடித் தோட்டாக்கள் இங்கே வந்து இறங்கி, இங்கிருந்து வேறெங்கோ போகும். அதற்கெல்லாம் அதிகாரி லெப்டினென்ட் வேணுகோபால். உடையார்பாளையம் பக்கத்து மிராசு வீட்டுப் பிள்ளை.

அவரை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதை டெப்போ குமாஸ்தா ராசாங்கம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரம்பலூர் தாலுகா ஆபீசில் ஆள் எடுத்த அன்று காகிதக் கட்டோடு பக்கத்தில் நின்றவர் அவர்தான். என்ன படிப்பு என்று கேட்டார்கள், பி.ஏ., சரித்திரம். டென்னிஸ் ஆடுவாரா? ஆடுவார். குதிரை ஏறுவாரா? வீட்டிலேயே இரண்டு நிற்கிறது. அப்பா யுத்த நிதிக்குக் கொடுத்திருக்கிறாரா? தாராளமாக. இங்கிலீஷ் வழுக்கிக்கொண்டு வந்தது, துரைகளுக்குப் பிடித்துப்போயிற்று. வெடிமருந்தைக் கையால் தொட்டிருக்கிறாயா என்று ஒரு புண்ணியவான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தீபாவளிக்குத் தொட்டிருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதே நாள், அதே ஆபீஸ் வாசலில், வெடி தெரிந்த ஆள் வேண்டும் என்று தண்டோரா போட்டதைக் கேட்டு மாயவனும் போய் நின்றான்.

"என்ன படிச்சிருக்க?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

"ரெண்டாங் கிளாஸுங்க. பதினெட்டு வருஷமா கெணத்துல வேட்டு வக்கிறேன். அரும்பாவூர்லேருந்து இந்தப் பக்கம் நூத்திப் பன்னண்டு கெணறு. எங்கூட எறங்குன ஒருத்தனுக்கு ஒரு வெரல் போனதில்லீங்க."

அவர் காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். கூலி.

எந்தப் பாறைக்கு எத்தனை தோட்டா போடணும், ஈரத்தில் திரி எவ்வளவு நேரம் எடுக்கும், தோட்டாப் பெட்டியை வண்டியில் வைக்கோல் பரப்பி எப்படி ஏற்றணும், கரிசல் பாதையில் எந்தத் திருப்பத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளணும், எல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்குள் இதெல்லாம் எங்கே அடங்கும்? கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அவளும் சும்மா வந்தவள் இல்லை. வேட்டு வைக்கிறவனை இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். அவன் திரியைப் பற்ற வைத்துவிட்டுக் குரல் கொடுத்தால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை அவன் பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. தங்கச்சி தாலியை எவனும் கை நழுவ விடமாட்டான். கொளஞ்சியம்மாளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. தாலியே என்னுடையது, நானே பிடிக்கிறேன் என்று கயிற்றை வாங்கியவள் பன்னிரண்டு வருஷமாகப் பிடித்திருந்தாள். மழை பொய்த்து, கிணறு வெட்டுகிறவர்கள் குறைந்துபோய்த்தான் இரண்டு பேரும் இந்த டெப்போவுக்குச் சுமை தூக்க வந்தார்கள்.

வெயில் ஏற ஏற மூன்றாம் நம்பர் கொட்டகையில் சுமை தூக்குகிற பெண்களுக்குத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை. நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்கும், சிலருக்கு வாந்தி வரும். இருசம்மாள் என்பவள் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. வேணுகோபாலிடம் சொன்னபோது, "வேலைன்னா தலை வலிக்கும், சோறுன்னா வலிக்காது," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

மாயவன் கொட்டகைக்குள் போய் மோந்து பார்த்தான், பெட்டிகளின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தான். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. நேரே அதிகாரியிடம் போனான்.

"தோட்டா வேர்த்துருக்குங்க. உள்ள இருக்கற எண்ணெ சூட்டுல எறங்கி வெளிய வருது. அந்த வாடைதான் தலைய வலிக்குது. பெட்டியப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காப் பொரட்டி வக்கணும். ரொம்ப வேர்த்தத வெளிய கொண்டாந்து எரிச்சிரணும். ஒரு பெட்டி தடுக்கி வுழுந்தாப் போதும், ரயிலடிகூட மிஞ்சாது."

"தகரக் கொட்டாயில எனக்குந்தான் வேர்க்குது," என்றார் வேணுகோபால். "ஒனக்கு எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

மாயவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனதும் தனியாக மூன்றாம் நம்பர் கொட்டகைக்குள் நுழைந்து, முடிந்த வரைக்கும் பெட்டிகளைப் புரட்டி வைத்தான். மோசமாக வேர்த்திருந்த பதினோரு பெட்டிகளைத் தொடவில்லை. மடியில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அவற்றின் மேல் ஒவ்வொரு வட்டம் போட்டான். கிணற்றில் வெடிக்காமல் நின்றுபோன குழியைச் சுற்றி இப்படித்தான் வட்டம் போடுவார்கள், தெரியாமல் எவனாவது கடப்பாரை போட்டுவிடக்கூடாது என்று. கிணறு வெட்டாதவனுக்கு இந்த வட்டம் தெரியாதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வேணுகோபால் வட்டங்களைப் பார்த்தார். போன ஆகஸ்டில் அங்கங்கே தண்டவாளம் பெயர்ந்ததிலிருந்து அதிகாரிகளுக்கு நிழலைக் கண்டாலும் சந்தேகம். அனுமதி இல்லாமல் நுழைந்தான், சீல் வைத்த சரக்கைத் தொட்டான், கூட்டாளிகளுக்கு அடையாளம் போட்டான் என்று எழுதிப் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் புதன்கிழமை காலை ரயிலில் மேஜர் துரை ஒருவர் வந்து இறங்கினார். மூன்றாம் நம்பர் சரக்கு முழுவதையும் மறுநாள் ரயில் பெட்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும், அதற்கு முன் பார்வையிட வேண்டும் என்று உத்தரவாம். வேணுகோபால் இஸ்திரி மடிப்புக் கலையாமல் முன்னால் நடந்தார்.

கொளஞ்சியம்மாள் தலைச் சுமையை இறக்கி வைத்துவிட்டு நேரே போய் வழியை மறித்து நின்றாள். வேணுகோபாலைப் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த ராசாங்கத்திடம், "அண்ணே, நான் சொல்றத அப்படியே துரைக்குச் சொல்லு," என்றாள்.

"வேணாம் கொளஞ்சி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு," என்றார் ராசாங்கம் மெல்ல.

"இருக்கட்டும். அதுங்களும் ரயிலடிக்குப் பக்கத்துலதான இருக்குதுங்க? நாளைக்கு இந்தப் பெட்டிய வண்டியில தூக்கிப் போடுறப்ப அதுங்க எங்க போவும்?" அவள் குரல் ஏறியது. "மூணாம் நம்பர்ல துரை கால்மணி நேரம் நிக்கட்டும். தலை வலிக்கலன்னா எம்புருஷனத் திருச்சிக்கு என்ன, காசிக்கே அனுப்பட்டும்."

ராசாங்கம் இங்கிலீஷில் சொன்னார். அந்த மனுஷருக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

மேஜர் உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது. பெட்டியை எப்போது புரட்டி வைத்தீர்கள் என்று வேணுகோபாலைக் கேட்டார். வேணுகோபால் பதிவேட்டை நீட்டினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் புரட்டியதாக ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் அவருடைய கையெழுத்து இருந்தது. கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. மேஜர் பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வட்டம் போட்டவன் எங்கே என்று கேட்டார்.

விலங்கு போட்டபடியே கூட்டிவந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. கீழ் உதடு கிழிந்திருந்தது. மூன்று நாள் கழித்துப் பெண்டாட்டியைப் பார்த்தவன் கேட்ட முதல் கேள்வி, "வட்டம் போட்ட பெட்டிய யாரும் நவுத்தலல்ல?" அவனை அடித்தவர்கள் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு அவன் மேலேயே அவளுக்குத் திரும்பியது.

"நவுத்தல. நீ மொதல்ல தண்ணியக் குடி மாமா," என்றாள்.

மேஜர் சொன்னதை ராசாங்கம் தமிழில் சொன்னார். பதினோரு பெட்டிகளையும் முந்நூறு தப்படி தள்ளி இருக்கிற சுண்ணாம்புப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும். தெரிந்த ஆள் இவன் ஒருவன்தான். செய்து முடித்தால் இவன் கேஸைப் பற்றி யோசிக்கலாம்.

"யோசிக்கறதா?" கொளஞ்சியம்மாளுக்குக் காது அடைத்தது. "அண்ணே, கேட்டுச் சொல்லு. கெணத்துல எறங்குறவனுக்கு எறங்கறதுக்கு முன்ன கயிறு கட்டுவாங்களா, எறங்கி முடிச்சப்புறம் கட்டுவாங்களா? மொதல்ல காயிதத்துல எழுதட்டும். எழுதற வரைக்கும் இவரு ஒரு பெட்டியத் தொடமாட்டாரு."

சொல்லிவிட்டுக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருசம்மாள் தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். யுத்த காலத்தில் வேலையை நிறுத்தினால் ஜெயில் என்று வேணுகோபால் கத்திப் பார்த்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேணுகோபாலிடம் எழுதச் சொன்னார். அவர் எழுதினார். ராசாங்கம் வாங்கி உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார்: அறியாமையால் மாயவன் செய்த குற்றத்தை மன்னித்து, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

"போதும் வுடு கொளஞ்சி," என்றான் மாயவன். "வூட்டுக்குப் போனாப் போதும்."

"போதாது," என்றாள். "என்ன குத்தம் செஞ்ச நீ? ஊரு சாவக்கூடாதுன்னு பெட்டியப் பொரட்டுனது குத்தமா? இவரு மன்னிக்கறதுக்கு நாம என்ன இவரு வூட்டு வாழையில தாரு வெட்டுனமா? குத்தம்ங்கறத அடிக்கச் சொல்லு. மன்னிக்கறங்கறத அடிக்கச் சொல்லு. புகாரு தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு."

வேணுகோபாலின் கழுத்து நரம்பு புடைத்தது. மேஜரைப் பார்த்தார். மேஜர் பேனாவைச் சுட்டிக் காட்டினார். அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஜரும் போட்டார். மாயவனைக் கூட்டிவந்த கான்ஸ்டபிள் காகிதத்தை வாங்கிக்கொண்டு விலங்கைக் கழற்றினான்.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. வேர்த்த பெட்டியைத் தலையில் ஏற்றக்கூடாது, இரண்டு பேர் வேண்டும். கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கப் பிடியைப் பிடித்தாள். இதில் பேச்சு என்ன இருக்கிறது? பள்ளத்தில் மரத்தூள் கொட்டிப் பரப்பச் சொன்னாள், வழியில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கச் சொன்னாள், மற்ற எல்லாரையும் ரயிலடிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பெண்கள் போக மறுத்து முள்வேலிக்கு அப்பால் நின்றார்கள். மேஜரும் அங்கேதான் நின்றார். பார்வையிட வந்தவர் பெட்டியைத் தொடக்கூடாது என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறதாம். நல்ல சட்டம்.

ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கினார்கள். அவன் எடுத்து வைக்கிற காலுக்கு இவள் கால். பெட்டியின் அடியிலிருந்து எண்ணெய் முத்து முத்தாகத் தொங்கியது. அது மண்ணில் விழாமல் அடியில் ஈரச் சாக்கு கட்டியிருந்தான். முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. வெயில் உச்சிக்கு வந்தது. ஆறாவது பெட்டியில் மாயவனுக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாவதில் கண்ணை இடுக்கிக்கொண்டு நடந்தான்.

தினமும் தோட்டா தொடுகிறவனுக்கு அந்த வாடை பழகிவிடும். மூன்று நாள் விட்டுவிட்டுத் தொட்டால் ஒன்றுக்கு இரண்டாக மண்டையில் இறங்கும். லாக்கப்பில் மூன்று நாள் அடைத்து வைத்தவர்கள் இதையும் சேர்த்துத்தான் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். பத்தாவது பெட்டியைப் பள்ளத்தில் இறக்கி வைத்துவிட்டு மேலே ஏறினவன் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தான். எழுந்திருக்கப் பார்த்தான், கால் மடங்கிவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான். கண் திறக்கவில்லை.

"நீ கெட," என்றாள்.

இருசம்மாள் முன்னால் வந்தாள். "நான் புடிக்கறன் கொளஞ்சி."

"நீ எதுக்குப் புடிக்கணும்? நீயா இதப் பொரட்டுனன்னு எழுதி வச்ச?" கொளஞ்சியம்மாள் திரும்பினாள். வேலி ஓரம் நின்ற வேணுகோபாலை நேரே பார்த்தாள். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்காப் பொரட்டுனன்னு கையெழுத்துப் போட்ட கை ஒண்ணு இருக்குல்ல? அது வரட்டும்."

ராசாங்கம் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. மேஜர் ஏற்கெனவே வேணுகோபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேணுகோபால் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். மேஜர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். வேணுகோபால் தொப்பியைக் கழற்றி ராசாங்கத்திடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வட்டம் போட்டதில் அந்தக் கடைசிப் பெட்டி மட்டும் கொட்டகைக்குள் இருந்தது. இருந்ததிலேயே மோசமானது அதுதான். சாக்கைக் கட்டினாள். "கயித்தப் புடிங்க. நான் சொல்றப்ப தூக்குங்க. ஆட்டாதீங்க," என்றாள். தூக்கினார்கள்.

ஐம்பது தப்படி சரியாகத்தான் வந்தார். அப்புறம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் கயிற்றில் ஏறி, பெட்டியில் ஏறி, அவள் கைக்கு வந்தது. பெட்டிக்குள் ஏதோ நகர்ந்து பலகையில் தட்டிய சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் கண் கீழே போனது, கால் பின்னியது, பிடி தளர்ந்தது.

"நில்லு," என்றாள் கொளஞ்சியம்மாள்.

நின்றார்.

"பெட்டியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு. மூச்ச வுடு. வுட்டியா? இன்னொரு தடவ வுடு. இப்ப எடது கால எடு. வச்சிட்டு நில்லு. அடுத்த கால எடு."

பி.ஏ. படித்து, டென்னிஸ் ஆடி, குதிரை ஏறிய அந்த மனுஷர் கண்ணை அவள் முகத்தை விட்டு எடுக்காமல் அவள் சொன்ன காலை எடுத்து வைத்தார். இருநூற்றைம்பது தப்படியும் அப்படியே போயிற்று. அவருக்கு வேர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பள்ளத்துச் சரிவில் அவள் பின்பக்கமாக இறங்கினாள். மற்ற பத்துப் பெட்டிகளுக்கும் நடுவில் வழி பார்த்து, மரத்தூள் மேல் அந்தப் பெட்டியை உட்கார வைத்தார்கள். கயிற்றை விட்டாள். அவரும் விட்டார்.

நிமிர்ந்ததும் வேணுகோபாலுக்கு முதலில் ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? உயிர் இல்லை, பெட்டி இல்லை, கொட்டகை இல்லை. "நில்லுன்னா சொன்ன? கூலிக்காரி நீ, எனக்கு உத்தரவு போடுறியா?" என்று கேட்டார்.

கொளஞ்சியம்மாள் உள்ளங்கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"உத்தரவு போட்டதாலதான் அதக் கேக்கறதுக்கு உங்களுக்கு வாயி இருக்கு," என்றாள்.

சொல்லிவிட்டுப் பெட்டிகளுக்கு இடையில் காலை அளந்து வைத்து, சரிவில் ஏறிப் பள்ளத்துக்கு மேலே வந்துவிட்டாள். வேலிக்கு அப்பால் மாயவன் இருசம்மாள் மடியில் தலை வைத்துக் கிடந்தான், கண் திறந்திருந்தது. அவனை நோக்கி நாலு அடி வைத்திருப்பாள். பின்னாலிருந்து குரல் கேட்டது. வேணுகோபால் பதினோரு பெட்டிகளுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றார். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எந்தப் பக்கமா வரணும்?" என்று வாய்க்குள் கேட்டார்.

அவள் நின்றாள். வேலி ஓரம் நாற்பது பெண்கள், மேஜர், ராசாங்கம், கான்ஸ்டபிள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காதுல வுழலீங்க," என்றாள் கொளஞ்சியம்மாள். "ஒரக்கக் கேளுங்க."

அவர் உரக்கக் கேட்டார். அவள் சொன்னாள்.